பதினொரு ஊர்கள் காசு போட்டுக் கட்டிய பாலம்

புதன், மெரிடா

குவாதியானா ஆற்றின் மேல் ஏறக்குறைய 790 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது மெரிடாவின் ரோமானியப் பாலம். இன்று மாலை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்தேன். நின்று நின்று பார்த்ததில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது. ரோமானியர் கட்டி இன்றும் நிற்கும் பாலங்களில் மிக நீளமானது இதுதான். மொத்தம் 60 வளைவுகள். ஆற்றின் நடுவே தீவு போன்ற திட்டு ஒன்று, அதில் மேயும் குதிரைகள், நாணல் புதர்கள். ஏப்ரல் மாதம் என்பதால் தண்ணீர் நன்றாகவே ஓடுகிறது.

ஸ்பெயினுக்கு நான் வந்தது வேறொரு பாலத்துக்காக. தலைப்பில் சொன்ன பாலம் அதுதான். இங்கிருந்து வடக்கே, போர்த்துகல் எல்லையை ஒட்டி, தாஹோ ஆற்றின் மேல் அல்காந்தரா பாலம் நிற்கிறது. அதன் படத்தை முதலில் பார்த்தபோது உயரம்தான் கண்ணில் பட்டது. அப்புறம் அதன் கல்வெட்டுகளைப் பற்றிப் படித்தேன். அன்றிலிருந்து அங்கே போயே ஆக வேண்டும் என்ற ஆசை. அந்தக் கல்வெட்டைப் பற்றி அங்கே போன பிறகு எழுதுகிறேன்.

மாட்ரிட்டில் வேலை பார்க்கும் என் சித்தி மகன் விடுப்பு எடுத்துக்கொண்டு கார் ஓட்ட வந்திருக்கிறான். "நேரா அல்காந்தராவுக்கே போயிடலாமே அக்கா" என்றான். மெரிடாவைப் பார்க்காமல் அங்கே போனால் பாதிதான் புரியும் என்று சொல்லி இங்கே அழைத்து வந்தேன். அல்காந்தரா பாலம் கட்டப்பட்ட காலத்தில் அந்தப் பகுதி லூசித்தானியா மாகாணத்தில் இருந்தது. மாகாணத்தின் தலைநகர் இந்த மெரிடாதான். கி.மு. 25இல் அகஸ்டஸ் பேரரசர், ஓய்வுபெற்ற படைவீரர்களைக் குடியமர்த்த இந்த ஊரை உருவாக்கினார். சாலைகள் இங்கிருந்து பிரிந்து போயின. சாலை போன இடத்தில் ஆறு குறுக்கிட்டால் பாலம் வந்தது.

இங்குள்ள பாலத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதன் தூண்கள். ஆறு வரும் பக்கத்தில் தூண்களை வட்டமாக முன்னால் நீட்டியிருக்கிறார்கள், தண்ணீர் மோதாமல் வழுக்கிப் போகட்டும் என்று. அதற்கும் மேலே, இரண்டு பெரிய வளைவுகளுக்கு நடுவில், தூணின் உடம்பிலேயே சின்ன வளைவாக ஒரு திறப்பு. சாதாரண நாளில் அதற்கு வேலையே இல்லை. வெள்ளம் தூணின் பாதி உயரத்தைத் தாண்டும்போது தண்ணீர் அதன் வழியாகவும் புகுந்து போகும், பாலத்தின் மேல் விழும் அழுத்தம் குறையும். என்றோ ஒரு நாள் வரப்போகும் வெள்ளத்தை நினைத்து அன்றே கல்லில் வழி விட்டிருக்கிறார்கள். உள்ளே காங்கிரீட், வெளியே செதுக்கிய கருங்கல். ஆம், ரோமானியர்களுக்குச் சுண்ணாம்புக் காங்கிரீட் நன்றாகவே கைவந்திருந்தது.

இவ்வளவு யோசித்தும் வெள்ளம் விடவில்லை. ரோமப் பேரரசு இங்கே முடிந்துபோன பிறகு, 483ஆம் ஆண்டில், இங்கே ஆட்சியைப் பிடித்த விசிகோத் என்ற ஜெர்மானிய இனத்தின் அரசன் யூரிக்கின் காலத்தில் சல்லா என்ற தளபதியும் ஊரின் ஆயர் ஸெனோனும் சேர்ந்து பாலத்தைச் செப்பனிட்டிருக்கிறார்கள். 1603இல் பெருவெள்ளம் வந்து பல வளைவுகளைக் கொண்டுபோனது. மூன்றாம் பிலிப் மன்னரின் ஆட்சியில் அவற்றை மறுபடி கட்டினார்கள். 1991இல் சாந்தியாகோ கலத்ராவா வடிவமைத்த புதுப் பாலம் பக்கத்தில் வந்த பிறகுதான் வண்டிகள் இந்தப் பாலத்தை விட்டு விலகின. இப்போது இது நடப்பவர்களுக்கு மட்டும். தள்ளுவண்டியில் குழந்தை, கைத்தடியோடு தாத்தா, ஓட்டப் பயிற்சி செய்யும் கல்லூரிப் பிள்ளைகள். தினசரி ஆள் நடமாட்டம் உள்ள பழைய கட்டடத்தைப் பார்க்கும் மகிழ்ச்சியே தனி.

பாலத்தின் நகரப் பக்கத்து முனையில் அல்கசாபா கோட்டை. 835இல், ஸ்பெயினை ஆண்ட முஸ்லிம் அமீர் இரண்டாம் அப்துர் ரஹ்மான் காலத்தில் எழுப்பியது. பாலத்தைக் கையில் வைத்திருப்பவன் கையில்தான் ஊர் என்பதை அந்தக் கோட்டை நிற்கும் இடமே காட்டிவிடுகிறது.

வியாழன், காசெரெஸ்

இன்று எழுத அதிகம் இல்லை. காலையில் மெரிடாவில் ரோமானியக் கலை அருங்காட்சியகம் பார்த்தோம். ரஃபாயெல் மொனேயோ வடிவமைத்து 1986இல் திறந்த கட்டடம். செங்கல்லில் உயர உயரமான வளைவுகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறார். உள்ளே இருக்கும் சிலைகளுக்கு இணையாகக் கட்டடத்தையும் பார்க்க வேண்டும். கிளம்பும்போது ஊர் ஓரத்தில் உடைந்து நிற்கும் நீர்ப்பாலத்தைப் பார்த்தோம். தூண் உச்சிகளில் செங்கால் நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன. அலகைத் தட்டித் தட்டி எழுப்பும் சத்தம் சாலைவரை கேட்கிறது.

பிறகு காசெரெஸ். இதுவும் ரோமானியர் நிறுவிய ஊர்தான். இப்போது கண்ணில் படுவதெல்லாம் பின்னாளில் வந்த கோபுர வீடுகளும் மதில்களும். பழைய நகரம் 1986 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. இரவில் அந்தச் சந்துகளில் நடப்பது சுகம்.

சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு செய்தி. இந்த வட்டாரத்தில் 'தோர்த்தா தெல் காசார்' என்று ஒரு செம்மறியாட்டுப் பால் சீஸ் கிடைக்கிறது. பாலை உறைய வைக்க இங்கே கன்றுக்குட்டியின் குடல் நொதியைச் சேர்ப்பதில்லை. முட்செடி ஒன்றின் பூவை ஊறவைத்த தண்ணீரைச் சேர்க்கிறார்கள். மேல் தோலை வட்டமாக வெட்டி எடுத்தால் உள்ளே கூழாக இருக்கும், ரொட்டியால் வழித்துச் சாப்பிட வேண்டும். லேசான கசப்பு உண்டு, அதுதான் அதன் சிறப்பு.

நாளை அல்காந்தரா.

வெள்ளி, அல்காந்தரா

காசெரெஸிலிருந்து வடமேற்கே அறுபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நெடுஞ்சாலை இல்லை, வண்டிகளும் அதிகம் இல்லை. இரண்டு பக்கமும் புல்வெளி, புல்வெளியில் தள்ளித் தள்ளி நிற்கும் ஓக் மரங்கள், நிழலில் மாடுகளும் கறுப்புப் பன்றிகளும். மல்பார்த்திதா பக்கம் யானை அளவு கருங்கல் பாறைகள் மண்ணிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கின்றன. ப்ரோசாஸ் என்ற சிற்றூரில் காபி குடித்தோம். லத்தீன் இலக்கணத்தில் பெரும்பெயர் பெற்ற பிரான்சிஸ்கோ சாஞ்செஸ் பிறந்த ஊர் அது.

அல்காந்தரா ஊர் மேட்டில் இருக்கிறது. பாலம் ஊரிலிருந்து தெரியாது. தங்கும் அறையில் பையைப் போட்டுவிட்டு, சாலையோடு கீழே இறங்கினோம். சரிவில் வெள்ளைப் பூக்கள், இலையெல்லாம் பிசின் ஒட்டும் ஒரு புதர், காற்றே அந்தப் பிசின் வாசனைதான். ஒரு திருப்பம் தாண்டியதும் பாலம் முழுசாகக் கண்முன் வந்து நின்றது.

சின்ன வயதிலிருந்தே பாலங்களைப் பார்த்தால் நின்றுவிடுகிறவள் நான். ஆனாலும் இதைப் பார்த்ததும் பேச்சு வரவில்லை. தம்பியும் ஒன்றும் சொல்லாமல் நின்றான்.

ஆறு வளைவுகள். நடுவில் இருக்கும் இரண்டும் பெரியவை, ஒவ்வொன்றும் 27, 28 மீட்டர் அகலத்தை ஒரே தாவலில் கடக்கின்றன. இரு கரையை நோக்கிப் போகப் போக வளைவுகள் சிறியதாகின்றன, தூண்களும் குட்டையாகின்றன, ஏனென்றால் மலைச்சரிவு அங்கே மேலேறி வந்துவிடுகிறது. மேலே பாதை மட்டும் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே மட்டத்தில் ஓடுகிறது. பல இடங்களில் பழைய கல் பாலம் என்றால் நடுவில் முதுகு தூக்கியிருக்கும். ஏறி இறங்க வேண்டும். இங்கே அப்படி இல்லை. பாரம் ஏற்றிய மாட்டு வண்டி மூச்சு வாங்காமல் போகலாம். அந்த ஒரே மட்டத்துக்காக நடுத் தூண்களை அவ்வளவு உயரம் ஏற்றியிருக்கிறார்கள். ஆற்றிலிருந்து பாதை ஏறக்குறைய 45 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாலத்தின் நடுவில், பாதைக்கு மேல் வாசல்போல் நிற்கும் வெற்றி வளைவையும் சேர்த்தால், அடி முதல் நுனிவரை 70 மீட்டர் வரும் என்று கணக்கு.

இவ்வளவு உயரம் எதற்கு என்று தம்பி கேட்டான். தாஹோ ஆற்றைப் பார்த்தால் அந்தக் கேள்வி நியாயம்தான். இன்று கீழே அமைதியாகக் கிடக்கிறது. காரணம், ஆறு வரும் பக்கத்தில், பாலத்திலிருந்து சுமார் அரைக் கிலோமீட்டர் தூரத்தில் 1969இல் முடிந்த மாபெரும் அணை. பாலத்தில் நின்று அந்தப் பக்கம் திரும்பினால் பள்ளத்தாக்கை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்தக் காங்கிரீட் சுவர்தான் தெரியும், உயரம் 130 மீட்டர். அணை வருவதற்கு முன் இந்த ஆறு வேறு மாதிரி. குறுகலான பள்ளத்தாக்கு, பக்கவாட்டில் விரிய இடமே இல்லை, மழைக்காலத்தில் வரும் தண்ணீர் முழுக்க மேல்நோக்கித்தான் ஏறியாக வேண்டும். பத்தொன்பது நூற்றாண்டு அப்படி ஏறி ஏறி இறங்கியிருக்கிறது. பாலத்தை அதனால் அசைக்க முடியவில்லை.

கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் ரோமானியர் சாந்து பூசவில்லை. நான் தடவிப் பார்த்தேன். வெயில் ஏறிய கருங்கல், கரகரப்பான முகம், ஆனால் இணையும் விளிம்புகள் நேர்க்கோடு. ஆப்பு வடிவத்தில் செதுக்கிய கற்களை அரைவட்டமாக அடுக்கியிருக்கிறார்கள். அடுக்கும்வரை கீழே மரச் சாரம் தாங்கும். உச்சியில் கடைசிக் கல்லை இறக்கியதும் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை அழுத்தத் தொடங்கும், சாரத்தைப் பிரித்துவிடலாம். அதன்பின் மேலே பாரம் ஏற ஏற வளைவு இன்னும் இறுகும். விழ வைக்கும் எடைதான் நிற்கவும் வைக்கிறது. புத்தகத்தில் படித்தபோது இது ஒரு சூத்திரம். அந்த வளைவின் நேர் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு கல்லையும் யாரோ ஒருவர் உளியால் தட்டி, அளந்து, திருப்பிப் பார்த்து, மறுபடி தட்டியிருக்கிறார். பள்ளத்தாக்கின் பாறை ஸ்லேட் வகை. பாலத்தின் கல் கருங்கல். வேறு இடத்தில் வெட்டி வண்டி வண்டியாக இங்கே இழுத்து வந்திருக்கிறார்கள்.

மாலை வெயிலில் வளைவுகளுக்கு அடியில் தகைவிலான் குருவிகள் நுழைந்து நுழைந்து வெளியே வந்தன. மேலே பாறுகள் வட்டமடித்தன. கல்வெட்டு நாளைக்கு. இன்று வெறுமனே பார்க்கவே நேரம் போதவில்லை.

சனி, அல்காந்தரா

காலை எட்டு மணிக்கே பாலத்துக்கு இறங்கிவிட்டேன். தம்பி தூங்கிக்கொண்டிருந்தான், எழுப்பவில்லை.

முதலில் ஊர்ப் பக்கத்து முனையில் இருக்கும் சின்னக் கோயில். நான்கு சுவர், முன்னால் சில படிகள், கூரையும் கல் பலகைதான். ஒரே அறை. கிறித்தவம் வந்த பிறகு இதைப் புனித ஜூலியனின் தேவாலயமாக மாற்றிக்கொண்டார்கள், அதனால்தான் இடிபடாமல் தப்பியது. பாலத்தைக் கட்டிய கலைஞரின் பெயரை நமக்குத் தருவது இந்தக் கோயில்தான்: காயுஸ் யூலியுஸ் லாசெர். ரோமானியர் கட்டிய நூற்றுக்கணக்கான பாலங்களில் கட்டியவர் பெயர் தெரிபவை மிகக் குறைவு. கட்டளையிட்ட பேரரசரின் பெயர் மட்டும் இருக்கும். இங்கே லாசெர் தன் பெயரைத் தானே எழுதி வைத்திருக்கிறார். உலகத்தின் காலங்கள் உள்ளவரை நிலைக்கப்போகும் பாலத்தை உயர்ந்த கலையால் லாசெர் கட்டினான் என்கிறது அந்த லத்தீன் செய்யுள்.

பெருமை பேசுகிறார் என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் கற்கள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று தெரிந்தவனின் பேச்சு அது. அதே கல்வெட்டில் இன்னொரு பெயரும் வருகிறது. நண்பன் கூரியுஸ் லாக்கோ, இகேதித்தானி ஊர்க்காரன். கோயிலை அர்ப்பணிக்கும்போது பேரரசருக்குப் பக்கத்தில் தன் நண்பனின் பெயரையும் ஊரையும் சேர்த்திருக்கிறார். அந்த ஊரை நினைவில் வையுங்கள்.

பிறகு பாலத்தின் நடுவில் உள்ள வெற்றி வளைவு. டிராஜன் பேரரசரின் பெயரும் பட்டங்களும் இங்கே இருக்கின்றன; அவற்றை வைத்துத்தான் பாலம் கி.பி. 104 முதல் 106 வரையிலான காலத்தது என்கிறார்கள். டிராஜன் ஸ்பெயினிலேயே பிறந்தவர், செவில் நகரத்துக்குப் பக்கத்தில் இத்தாலிக்கா என்ற ஊரில். நான் தேடி வந்தது அவர் பெயரை அல்ல. அதோடு இன்னொரு பலகை இருக்கிறது. லூசித்தானியா மாகாணத்தைச் சேர்ந்த, காசு திரட்டிப் பாலப் பணியை முடித்த ஊர்கள் என்று தலைப்புப் போட்டு, கீழே வரிசையாகப் பெயர்கள்:

இகேதித்தானி, லான்சியென்சஸ் ஒப்பிதானி, தலோரி, இன்தெரன்னியென்சஸ், கொலார்னி, லான்சியென்சஸ் த்ரான்ஸ்குதானி, அராவி, மெய்துப்ரிகென்சஸ், அரப்ரிகென்சஸ், பானியென்சஸ், பயேசூரெஸ்.

பதினொரு பெயர். ஒவ்வொன்றையும் வாய்விட்டு மெதுவாகப் படித்தேன். பாலத்தில் வேறு யாரும் இல்லை, கூச்சமில்லாமல் படிக்க முடிந்தது. இவை பெரிய நகரங்கள் இல்லை. ரோமானியர் வருவதற்கு முன்பே இந்த மலைகளில் வாழ்ந்த இனக்குழுக்களின் பெயர்கள் இவற்றில் பல. இவர்களின் பாட்டன் பூட்டன்கள் ரோமப் படையோடு சண்டை போட்டவர்களாகவே இருந்திருப்பார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் காசு சேர்த்துப் பாலம் கட்டினார்கள். எல்லோரும் ஆற்றங்கரைக்காரர்களும் இல்லை. பெரும்பாலோர் ஆற்றுக்கு வடக்கே வெகு தூரத்தில் இருந்தவர்கள். இந்த ஓர் இடத்தில் ஆற்றைக் கடக்க முடிந்தால்தான் தெற்கே மெரிடாவுக்குச் சாலை முழுமையாகும், தங்கள் எண்ணெயும் தானியமும் உலோகமும் போக வழி பிறக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வழிகாட்டிப் புத்தகங்கள் இதை "டிராஜன் கட்டிய பாலம்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகின்றன. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. பெயர்களைப் பலகையில் வெட்டி, பாலத்தில் போகிற ஒவ்வொருவரும் கடந்துபோகும் இடத்தில் வைத்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். தங்களை மறந்துவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள். அந்த நினைப்புக்கு நாம் மரியாதை செய்ய வேண்டும்.

பத்தரை மணிக்குத் தம்பி வந்தான், கையில் எனக்கும் சேர்த்து ரொட்டி வாங்கி வந்திருந்தான். இருவரும் மறு கரைவரை நடந்து, பாலத்தின் தழும்புகளைத் தேடினோம். கல்லின் நிறத்தையும் இணைப்பையும் கூர்ந்து பார்த்தால் எங்கே பிற்கால வேலை தொடங்குகிறது என்று பிடித்துவிடலாம். பிற்காலத்தவர் சாந்து வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

இந்தப் பாலத்துக்கு நேர்ந்த சேதமெல்லாம் மனிதர்களால் வந்ததுதான். 1214இல் முஸ்லிம் படைகள் சின்ன வளைவு ஒன்றை இடித்தன. முந்நூறு ஆண்டு கழித்து, 1543இல், ஐந்தாம் சார்லஸ் அதைத் திருப்பிக் கட்டினார். பழைய கல்சுரங்கத்திலிருந்தே கல் எடுத்தார்கள் என்பார்கள். 1760இல் போர்த்துகீசியர் வந்துவிடக் கூடாது என்று ஸ்பானியர்களே இன்னொரு வளைவை உடைத்தார்கள். 1762இல் மூன்றாம் சார்லஸ் சரி செய்தார். 1807இல் நெப்போலியனின் தளபதி ஜுனோ போர்த்துகலுக்குப் படை நடத்திப் போனது இந்த ஊர் வழியாகத்தான். 1809இல், பிரெஞ்சுப் படையைத் தடுக்க ஆங்கிலத் தளபதி வெலிங்டனின் ஆட்கள் அதே வளைவை வெடி வைத்துத் தகர்த்தார்கள். 1812இல் அவர்களுக்கே பாலம் தேவைப்பட்டது. ஸ்டர்ஜன் என்ற ஆங்கிலப் படைப் பொறியாளர், தடித்த கயிறுகளை வலையாகப் பின்னி, உடைந்த இடத்தின் குறுக்கே இழுத்துக் கட்டி, மேலே பலகை பரப்பினார். அதன்மேல் பீரங்கிகள் உருண்டு போயின. எதிரி வந்தால் சுருட்டி எடுத்துக்கொள்ளலாம். ரோமானியக் கல்லும் ஆங்கிலேயக் கயிறும் சேர்ந்து ஒரு பாலமாக நின்ற அந்தக் காட்சியை நான் நெடுநேரம் கற்பனை செய்து பார்த்தேன்.

1819இல் தற்காலிகமாக ஒரு பழுது. 1836இல் உள்நாட்டுப் போரில் மறுபடி சேதம். 1860இல், இரண்டாம் இசபெல் அரசியின் ஆட்சியில், ஒழுங்காகக் கட்டி முடித்தார்கள். அணை கட்டிய சமயத்தில், ஆற்றுப் படுகையை வற்ற வைக்க முடிந்ததால், 1969இல் நடுத் தூண்களின் அடிவரை போய்ச் செப்பனிட்டார்கள். அதுவரை அந்தத் தூண்களின் பாதத்தை யார் பார்த்திருப்பார்கள்?

உடைத்தவர்கள் எல்லோரும் பாலத்தை மதித்தவர்கள்தான் என்று ஒரு கணம் தோன்றியது. எதிரிக்குக் கிடைக்கக் கூடாத அளவு மதிப்புள்ள பொருளாக அதைப் பார்த்தார்கள். ஆனாலும் எனக்கு நெருக்கமானவர்கள் ஒவ்வொரு தடவையும் உடைந்த இடத்தில் சாரம் கட்டினவர்கள். முந்நூறு ஆண்டு ஒரு வளைவு இல்லாமலே கிடந்த பாலத்தைப் பார்த்து, "போகட்டும், கீழே படகு விடலாம்" என்று இருந்துவிடாமல், மறுபடி கருங்கல் வெட்டப் போனார்களே! வெற்றி வளைவில் டிராஜனின் பெயரோடு பிற்காலப் பழுதுகளின் எழுத்துகளும் ஏறியிருக்கின்றன. ஒரு பாலத்தின் வயது முழுக்க அந்த ஒரே சுவரில் எழுதியிருக்கிறது.

மதியம் ஊருக்குள் சான் பெனித்தோ மடத்தைப் பார்த்தோம். வாளேந்திய துறவிகளான அல்காந்தரா வீரத்துறவிகளின் அந்நாள் தலைமையிடம், 16ஆம் நூற்றாண்டுக் கட்டடம், வட்டக் கோபுரங்களோடு மூன்றடுக்கு மாடம். கோடையில் இந்த மாடத்தையே பின்னணியாக்கி நாடக விழா நடத்துகிறார்கள். சுற்றிக் காட்டுவார்கள், அரை மணி நேரம் போதும்.

கடைக்கார அம்மா ஒருவர், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். பாலம் பார்க்க மட்டுமே வந்தோம் என்று தம்பி ஸ்பானிய மொழியில் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. தன் அப்பா அணை வேலைக்குப் போனவர் என்றும், ஆறு வற்றியபோது பிள்ளைகளாக எல்லோரும் இறங்கிப் போய்த் தூணின் அடியைத் தொட்டுப் பார்த்ததாகவும் சொன்னார். காலையில் நான் கேட்ட கேள்விக்கு மாலையில் பதில் கிடைத்துவிட்டது. காசு வாங்க மறுத்து ஒரு பொட்டலம் இனிப்பும் கொடுத்தார்.

ஞாயிறு, இதான்யா-அ-வேல்யா, போர்த்துகல்

பாலத்தைக் கடந்து வடக்கே கிளம்பினோம். நோக்கம் ஒன்றுதான்: பலகையின் முதல் பெயரைப் போய்ப் பார்ப்பது.

சாலை பியேத்ராஸ் அல்பாஸ் ஊரைத் தாண்டி எல்லைக்குப் போகிறது. எல்லையில் எர்ஜஸ் என்ற சின்ன ஆறு, அதன் மேல் செகுரா பாலம். அதுவும் ரோமானியர் போட்டதே, பிறகு பலமுறை பழுது பார்த்தது. அல்காந்தராவைக் கடந்து வந்த அதே பழைய சாலை இதையும் கடந்துதான் வடக்கே போனது. பாலத்தின் ஒரு பாதி ஸ்பெயின், மறு பாதி போர்த்துகல். சோதனைச் சாவடி இல்லை. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிக்கொண்டோம், அவ்வளவுதான்.

இகேதித்தானி மக்களின் தலைநகர் இன்று இதான்யா-அ-வேல்யா. அல்காந்தராவிலிருந்து நேர்கோட்டில் நாற்பது கிலோமீட்டருக்குள். இன்று இங்கே வாழ்பவர்கள் நூறு பேருக்கும் குறைவு. ஊரைச் சுற்றி ரோமானியர் காலத்து மதில், உள்ளே ஆரஞ்சு மரங்கள், கல் வீடுகள், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பாட்டிகள். ரோமானியக் கோயில் ஒன்றின் மேடையை அப்படியே அடித்தளமாக வைத்து சிலுவைப் போர்க் காலத்துப் படைத்துறவிகளான டெம்ப்ளர் வீரர்கள் எழுப்பிய கோபுரம் நடுவில் நிற்கிறது. விசிகோத் காலத்தில் இது ஆயர் இருக்கை, அப்போதைய பேராலயம் இன்னும் இருக்கிறது. ஊருக்குக் கீழே பொன்சுல் ஆறு.

பேராலயத்துக்குப் பக்கத்தில் கல்வெட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கும் கூடம். இந்தச் சின்ன ஊரிலிருந்து மட்டும் இருநூறுக்கு மேற்பட்ட ரோமானியக் கல்வெட்டுகள் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் கல்லறைக் கற்கள். அப்பாவுக்கு மகன் வைத்தது, மனைவிக்குக் கணவன் வைத்தது. பெயர்களில் பாதி ரோமானியம், பாதி இந்த மண்ணின் பழைய மொழி. ஒரே குடும்பத்தில் தாத்தாவுக்கு மண்ணின் பெயர், பேரனுக்கு லத்தீன் பெயர்.

இந்த ஊரின் கல்வெட்டுகளில் எனக்குப் பெரிதாகப் படுவது கி.மு. 16ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மெரிடாவைச் சேர்ந்த ஒருவர் இகேதித்தானி மக்களுக்கு ஒரு சூரியக் கடிகாரம் வழங்கிய செய்தி அதில் இருக்கிறது. மெரிடா அப்போது பிறந்து பத்து ஆண்டுகூட ஆகாத ஊர். அல்காந்தரா பாலம் வர இன்னும் நூற்றிருபது ஆண்டு இருந்தது. அந்த மனிதர் தாஹோவைப் படகில்தான் கடந்து வந்திருக்க வேண்டும். மெரிடாவுக்கும் இந்த ஊருக்கும் உறவு அவ்வளவு பழையது. பின்னாளில் காசு திரட்டும் பேச்சு வந்தபோது இகேதித்தானியின் பெயர் பட்டியலில் முதலாவதாக இருப்பதில் எனக்கு வியப்பில்லை. லாசெரின் நண்பன் லாக்கோவும் இதே தெருக்களில் நடந்தவன்தானே.

"மத்த பத்து ஊரும் எங்கக்கா இருக்கு?" என்று தம்பி கேட்டான். சிலவற்றின் இடம் இன்றும் ஆய்வாளர்களுக்குள் விவாதமாகவே இருக்கிறது. ஆனால் அராவி மக்களின் ஊர் கிடைத்துவிட்டது. வடக்கே, மரியால்வா கோட்டையின் அடிவாரத்தில், அவர்களின் பெயர் பொறித்த கல்வெட்டோடு. அல்காந்தரா பாலத்திலிருந்து நேர்கோட்டிலேயே 130 கிலோமீட்டருக்கு மேல். மலைப்பாதையில் நடந்தால் எத்தனை நாளோ! அவ்வளவு தூரத்தில் இருந்தவர்கள் ஏன் இந்தப் பாலத்துக்குக் காசு கொடுத்தார்கள் என்பதை அந்தச் சாலையிலேயே போய்ப் பார்த்தால் இன்னும் விளங்கும். தம்பி விடுப்பை நீட்டிக்கொண்டுவிட்டான். காலையில் மரியால்வா கிளம்புகிறோம்.